அலமாரிக் கதவின் உட்புறம்

இந்த அடுக்களையில் இரண்டு பேர் நின்றால்
ஒருவர் மூச்சை உள்ளிழுத்தாக வேண்டும்.
நீளம் ஐந்து எட்டு. அகலத்துக்கு அளவே வேண்டாம்,
கையை விரித்தால் இரண்டு சுவரும் கையில்.
தலைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி,
காலுக்குக் கீழ் ஐஸ் பெட்டி,
நடுவில் எட்டுப் பேருக்கான காலை உணவும்
தொண்ணூற்றாறு கிலோ நானும்.

பெட்டியின் பெயர் ப்ரேரி லார்க்.
மினியாபொலிஸ் மாவு ஆலை முதலாளி ஒருவர்
மீன் பிடிக்கப் போவதற்காகச் செய்து வாங்கியது.
பிறகு முப்பது வருஷம் ஒரு பண்ணையில் கோழிக்கூண்டு.
இப்போது பல் டாக்டர் ஹால்வர் ஸ்டெனர்சனுடையது.
ஓய்வுப் பணம் அத்தனையையும்
சக்கரத்துக்கும் பித்தளைக்கும் கொடுத்துவிட்டு
சியாட்டில் போகும் ரயிலின் வாலில் இதைக் கட்டி
விருந்தாளிகளிடம் வாடகை வாங்குகிறார்.
கூடத்தில் எல்லாவற்றையும் புதுப்பித்தார்.
அடுக்களையை மட்டும் அப்படியே விட்டார்:
அதற்குள் பணம் தீர்ந்திருந்தது.

அதனால் தப்பியது இது.
தட்டு அலமாரிக் கதவின் உட்புறம்,
பென்சிலில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில்,
எனக்கு முன்னே இங்கே வெந்த யாரோ.
பெயரில்லை. எச்.எல். என்று மட்டும்.

வினோனா, ஆற்றோர வளைவு: சூப் பாதிக் கிண்ணம்.
செயின்ட் க்ளவுட் யார்டு: முட்டையைத் தொடாதே.
மைனாட் தாண்டிப் பாலம்: குறுக்குக் காற்று, ஜன்னலைச் சாத்து.

முதல் நடையில் நம்பவில்லை.
வினோனாவில் முழுக் கிண்ணம் ஊற்றினேன்.
தரை குடித்தது.

ஒன்று மட்டும் பிடிபடவேயில்லை.
டெவில்ஸ் லேக்குக்கு அப்பால், மைல் 63: கை.
அவ்வளவுதான். கை.

கை ஜாக்கிரதை என்று எடுத்துக்கொண்டேன்.
ஒவ்வொரு நடையிலும் விடியாத இருட்டில்
கத்தியைக் கீழே வைத்து
இரு கையையும் ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொள்வேன்.
எதுவும் ஆகாது. நூல் பிடித்தாற்போல் நேர்ப்பாதை.
கொக்கியில் கரண்டிகூட ஆடாது.
டெஸ் கேட்பாள்: "பிரார்த்தனை முடிஞ்சுதா? டோஸ்ட் கருகுது."

போன மே மாதம், சரக்கு வண்டிகளுக்கு
வழிவிட்டு வழிவிட்டு
ஐந்து மணி நேரம் தாமதம்.
மைல் 63 வெயிலில் வந்தது.

அடுப்புக்கு எதிரே ஒரு சாண் ஜன்னல்.
அதற்குள்,
உழுது போட்ட கருமண், கண் முடியும்வரை.
நடுவே மூன்று பக்கமும் வரிசை மரங்கள்
காற்றை மறித்து நின்றன,
எந்த வீட்டுக்காக என்று யாரும் சொல்லாமல்.
வீடு இல்லை.
மூன்று சிமெண்டுப் படிகள் இருந்தன,
ஏறினால் வானம்.
பக்கத்தில் வெட்ட ஆளில்லாமல்
மரமாகிவிட்ட லைலாக் புதர், மொத்தமும் ஊதா.
படிக்கும் தண்டவாளத்துக்கும் நாற்பது அடி இருக்கும்.
ஒரு முகம் தெரிகிற தூரம்.

எச்.எல்., யார் இருந்தது அங்கே?
உன் பெயர் தெரிந்த ஒருத்தியா?
இல்லை, போகிற பெட்டியெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த
ஏதோ ஒரு பிள்ளையா,
முதலாளியின் ஆளுயரக் கண்ணாடியை விட்டுவிட்டு
இந்த ஒரு சாணைத் தேடிய பிள்ளை?

கையைத் தூக்கினேன்.
ஈரக் கை. மஞ்சள் கரு ஒட்டிய கை.
ஆட்டினேன்.
படியில் உட்கார்ந்திருந்த பறவை
பறந்து போகக்கூட இல்லை.

நான்கு நொடி. அதற்குள்
ஹாலண்டேஸ் திரிந்துவிட்டது.

"அர்லீன்!" பரிமாறும் துவாரத்தில் டெஸ்ஸின் தலை.
"எட்டுப் பேரும் உட்கார்ந்தாச்சு."

ஒரு கரண்டி வெந்நீர், இன்னொரு மஞ்சள் கரு,
மணிக்கட்டு கழன்றுவிடும்போல் அடித்தேன்.
கூடி வந்தது, முக்கால்வாசி.
டாக்டர் ஸ்டெனர்சன் நாக்கில் வைத்துப் பார்த்து
எலுமிச்சை கொஞ்சம் தூக்கல் என்று சொல்லியனுப்பினார்.

இருக்கும் என்றேன்.
அடுத்த பாலம் வருவதற்குள்
ஜன்னலைச் சாத்த வேண்டியிருந்தது.